அக்கா மகனுக்கு 10 வயது, உயரம் 161 சென்டிமீட்டர்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தண்டையார்பேட்டைச் சித்தி

வணக்கம். என் அக்கா மகனுக்காக எழுதுகிறேன். போன மாதம் அவனுக்கு 10 வயது முடிந்தது. உயரம் 161 சென்டிமீட்டர். மாமா 166, அக்கா 152. இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டிகளும் சாதாரண உயரம்தான்.

எங்கள் அம்மாவுக்கு ஒரு பழக்கம். பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளன்று வாசல் நிலையில் நிற்க வைத்து, தலை உச்சியில் பென்சிலால் கோடு போடுவார். பொங்கலுக்கு வீடு முழுக்க வண்ணம் அடித்தாலும் அந்த நிலையை மட்டும் தொட விடமாட்டார். நேற்று டேப் வைத்து அளந்தேன். 7 வயதில் 127. எட்டில் 137. ஒன்பதில் 148. இப்போது 161. அவன் அண்ணனின் கோடுகள் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஐந்து, ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இல்லை. இவன் கோடுகள் மட்டும் தாவித் தாவிப் போகின்றன.

தெருவில் எல்லோருக்கும் பெருமை. போலீஸ் வேலைக்குப் போவான், பாக்ஸிங்கில் சேர்த்துவிடு என்கிறார்கள். கண் பட்டுவிடும் என்று அம்மா வாரந்தோறும் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிறார். ஆனால் அவன் அடிக்கடி தலைவலி என்று படுத்துக்கொள்கிறான். மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்திருந்தாலும் சட்டை நனைந்துவிடுகிறது. மாமாவின் செருப்பு அவனுக்குப் பத்தவில்லை. முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்திருக்கிறது.

ஆறு மாதம் முன்பு ஒரு மருத்துவரிடம் காட்டினோம். வளர்கிற பிள்ளைதானே என்று சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். இப்போது வேறொரு குழந்தை மருத்துவர் அவன் கைவிரல்களை வெகுநேரம் பார்த்துவிட்டு, பிட்யூட்டரி சுரப்பியைச் சோதிக்க வேண்டும் என்கிறார். சீட்டில் ஐ.ஜி.எஃப்.-1 என்று எழுதியிருக்கிறது. அக்கா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. இது என்ன நோய்? பயப்பட வேண்டியதா?

ராயபுரத்துக்காரன்

சகோதரி, வீணாகக் கவலைப்படாதீர்கள். எங்கள் வீட்டில் நான் உட்பட எல்லோரும் ஆறடி. பள்ளியில் எப்போதும் கடைசி பெஞ்சுதான். மீனும் முட்டையும் சாப்பிட்டு வளர்கிற பிள்ளை உயரமாகத்தான் இருப்பான். இன்றைய மருத்துவர்கள் எதற்கெடுத்தாலும் சோதனை எழுதுகிறார்கள். பிள்ளையை நோயாளி ஆக்கிவிடாதீர்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர்

தம்பி ராயபுரம், உங்கள் நல்ல மனசு புரிகிறது. ஆனால் இந்த விஷயத்தில் உங்கள் பேச்சைக் கேட்டு அந்தக் குடும்பம் ஒரு வருடம் தள்ளிப்போட்டால் பையனுக்குப் பெரிய நஷ்டம். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நான் 31 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் வேலை செய்தவள், அதில் ஒன்பது ஆண்டுகள் குழந்தைகள் வார்டில்.

உங்கள் வீட்டில் எல்லோரும் ஆறடி. அதனால் நீங்கள் ஆறடி. இந்தப் பையன் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். அப்பா உயரத்தையும் அம்மா உயரத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து, ஆண் பிள்ளையென்றால் ஆறரை சென்டிமீட்டர் சேர்ப்பார்கள். பெண் பிள்ளையென்றால் கழிப்பார்கள். இவனுக்கு 165.5 வருகிறது. அவன் வளர்ந்து முடித்துப் பெரியவனாகும்போது ஏறக்குறைய இருக்க வேண்டிய உயரம் அது. பத்து வயதிலேயே அதன் வாசலில் வந்து நிற்கிறான்.

அதைவிட முக்கியம் அந்த நிலைக்கோடுகள். நான்கு வயதுக்கும் பருவமடைவதற்கும் இடையில் ஒரு பிள்ளை ஆண்டுக்கு ஐந்து, ஆறு சென்டிமீட்டர் வளரும். பருவ வயதில் ஆண் பிள்ளைகள் ஓர் ஆண்டில் ஒன்பது, பத்து கூட வளர்வார்கள், பிறகு குறைந்துவிடும். இவன் 10, 11, 13 என்று ஏறிக்கொண்டே போகிறான். உயரமான பிள்ளை தன் கோட்டிலேயே உயரமாகப் போவான். கோடு விட்டுக் கோடு தாவுகிறவனைத்தான் உடனே பார்க்க வேண்டும். சித்தியம்மா, உங்கள் அம்மா போட்ட அந்தப் பென்சில் கோடுகளை அப்படியே தாளில் எழுதி, தேதியோடு மருத்துவரிடம் கொடுங்கள். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தில் அவர் குறித்துப் பார்ப்பார். ஒரு நாள் அளவைவிட நான்கு ஆண்டு அளவு நூறு மடங்கு பேசும்.

நோய் என்ன என்று கேட்டீர்கள். மூளைக்கு அடியில், குதிரைச் சேணம் போன்ற எலும்புக் குழியில், பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் அங்கிருந்துதான் வருகிறது. அது கல்லீரலைத் தூண்ட, கல்லீரல் ஐ.ஜி.எஃப்.-1 என்ற பொருளைச் சுரக்க, எலும்புகள் நீள்கின்றன. சுரப்பியில் ஒரு கட்டி வந்து ஹார்மோனை அளவின்றிக் கொட்டினால் பிள்ளை நிற்காமல் வளர்கிறது. இது அநேகமாகப் புற்றுநோய்க் கட்டி அல்ல. அக்காவிடம் இதை முதலில் சொல்லுங்கள். எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டு மூடுவதற்கு முன்பு இது வந்தால் ஜைஜாண்டிசம். மூடிய பிறகு பெரியவர்களுக்கு வந்தால் அக்ரோமெகலி. அக்ரோமெகலியில் உயரம் கூடாது. கை, கால், தாடை, மூக்கு பெருக்கும். ஜைஜாண்டிசம் மிக மிக அரிது. என் பணிக்காலம் முழுவதிலும் நான் பார்த்தது இரண்டே பிள்ளைகள்.

இவனுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. பருவம் முன்கூட்டியே வந்தாலும், தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் வேகமாக வளர்வார்கள். மார்ஃபான், க்ளைன்ஃபெல்டர், சோட்டோஸ் என்று பிறவியிலேயே வருகிற வேறு காரணங்களும் உண்டு. இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார்கள். சோதனை செய்வது அதற்காகத்தான். டானிக் எழுதிக் கொடுத்தவர் ஒரு முறை உயரத்தை அளந்திருந்தால் ஆறு மாதம் மிச்சமாகியிருக்கும். அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ராயபுரத்துக்காரன்

அம்மா, இவ்வளவு எனக்குத் தெரியாது. அவசரப்பட்டு எழுதிவிட்டேன். சகோதரி, சோதனையைச் செய்துவிடுங்கள்.

கொருக்குப்பேட்டை அம்மா

இந்த இழையைப் படித்ததும் கை நடுங்கியது. என் மகளுக்கு இதே நோய். இப்போது அவளுக்கு 19 வயது, கல்லூரியில் படிக்கிறாள். அதனால் முதலில் உங்கள் அக்காவிடம் என் பெயரில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: சாப்பிடச் சொல்லுங்கள். இனி நிறைய அலைய வேண்டியிருக்கும்.

என் மகள் 12 வயதில் 174 இருந்தாள். பெண் பிள்ளை என்பதால் எங்களுக்குப் பெருமைப்படவும் யாரும் இல்லை. "இவளுக்கு எங்கே மாப்பிள்ளை தேடப்போகிறாய்" என்று தண்ணீர் லாரி வரிசையில் நின்றபடி கேட்பார்கள். அவள் காதில் விழும்படிதான் கேட்பார்கள். அவள் முதுகைக் கூனிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். கூன் விழுந்தால் உயரம் தெரியாது என்று நினைத்திருக்கிறாள், குழந்தை.

கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? கண் மருத்துவர். பள்ளிக்குப் போகும் வழியில் நிறுத்தி வைத்திருக்கும் வண்டிகளில் தோளை இடித்துக்கொள்வாள். கதவு நிலையில் இடிப்பாள். கவனம் இல்லை என்று நான் அதட்டியிருக்கிறேன், ஒருமுறை அடித்தும் இருக்கிறேன். அவளுக்கு இரண்டு பக்கமும் ஓரப் பார்வை போய்க்கொண்டிருந்தது. கட்டி மேலே வளர்ந்து, பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்தை அழுத்தியிருக்கிறது. நேரே வைத்த எழுத்துகளையெல்லாம் சரியாகப் படித்தாள். பக்கத்தில் ஆட்டிய விரலைத்தான் சொல்ல முடியவில்லை. அதனால் சித்தியம்மா, தலைவலி என்கிறீர்களே, பார்வைப் புலச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

அறுவை சிகிச்சை மூக்கு வழியாகச் செய்தார்கள். மண்டையைத் திறக்கவில்லை. முகத்தில் ஒரு தழும்பும் இல்லை. முதல் முறை முழுவதும் எடுக்க முடியவில்லை. பிள்ளைகளுக்கு வரும் கட்டி பெரும்பாலும் பெரிதாக, பக்கத்தில் பரவியதாக இருக்குமாம். பிறகு ஹார்மோனை அடக்க மாதம் ஒரு ஆக்ட்ரியோடைடு ஊசி, அதோடு கேபர்கோலின் மாத்திரை. ஊசியின் விலையைக் கேட்டுவிட்டு என் கணவர் மருந்துக்கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு ஆண்டு கழித்து மறுபடி அறுவை. இப்போது அளவு கட்டுக்குள் இருக்கிறது. 183இல் நின்றாள். கூன் முழுதாக நிமிரவில்லை.

ஆய்வகத்தில் வேலை செய்பவன்

சோதனை பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பல குடும்பங்கள் குழம்பிப்போகிற இடம் இது.

வளர்ச்சி ஹார்மோனை ஏதோ ஒரு நேரத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. அது நாள் முழுவதும் அலை அலையாகச் சுரக்கும், தூக்கத்தில் அதிகம். நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்கும் ஒரு நேரம் உச்சியில் இருக்கும், இன்னொரு நேரம் ஒன்றுமே இருக்காது. ஐ.ஜி.எஃப்.-1 அப்படி ஏறி இறங்காது. அதனால்தான் உங்கள் மருத்துவர் அதை எழுதியிருக்கிறார். ஆனால் அது வயதுக்கு வயது மாறும், பருவ வயதில் இயல்பாகவே கூடும். அறிக்கையில் பெரியவர்களுக்கான அளவு அச்சாகியிருந்தால் அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். 10 வயது ஆண் பிள்ளைக்கான அளவு எது என்று கேட்டு வாங்குங்கள்.

அது கூடுதலாக இருந்தால் குளுக்கோஸ் சோதனை. இரவு முழுவதும் வெறும் வயிறு. காலையில் எடைக்கு ஏற்ற குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள், கிலோவுக்கு 1.75 கிராம், 75 கிராமுக்கு மேல் இல்லை. கையில் ஒரு ஊசிக்குழாயைப் பொருத்திவிட்டு, அரை மணிக்கு ஒரு முறை இரண்டு மணி நேரம் ரத்தம் எடுப்பார்கள். சர்க்கரை ஏறினால் வளர்ச்சி ஹார்மோன் அடங்க வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 1 நானோகிராமுக்குக் கீழே இறங்க வேண்டும் என்பது பழைய கணக்கு, இன்றைய நுட்பமான கருவிகளில் 0.4. கட்டி சுரக்கிற ஹார்மோன் அப்படி அடங்காது. பருவ வயதுப் பிள்ளைகளில் சிலருக்கு நோய் இல்லாமலே முழுதாக அடங்குவதில்லை. ஆகவே இந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு வீட்டில் முடிவு கட்டிவிடாதீர்கள்.

குளுக்கோஸ் குமட்டும். கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிழியலாமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். படிக்க ஒரு கதைப் புத்தகம் கொண்டுபோங்கள். இரண்டு மணி நேரம் ஒரு பிள்ளைக்கு நீண்ட நேரம்.

எண்ணூர் வாசி

சோதனைகள் ஒருபுறம் இருக்கட்டும். பால், முட்டை, கோழிக்கறி இவற்றை நிறுத்திவிட்டு ஒரு வேளை கஞ்சி மட்டும் கொடுத்துப் பாருங்கள். ஊட்டம் குறைந்தால் வளர்ச்சி தானாகக் குறையும். எங்கள் பக்கத்தில் ஒரு வைத்தியரும் இருக்கிறார்.

ஓய்வுபெற்ற செவிலியர்

// பால், முட்டை, கோழிக்கறி இவற்றை நிறுத்திவிட்டு ஒரு வேளை கஞ்சி //

ஐயா, தயவுசெய்து இதை இங்கே எழுதாதீர்கள். அந்தக் கட்டி பையனின் தட்டைப் பார்த்துச் சுரப்பதில்லை. பட்டினி போட்டால் தசை கரையும், எலும்பு மெலியும், தலைவலி கூடும். கட்டி இருந்த இடத்திலேயே வளரும். ஏற்கனவே இந்தப் பிள்ளைகளுக்கு மூட்டு வலியும் சோர்வும் அதிகம். பாட்டி உப்பு மிளகாய் சுற்றிப் போடட்டும், அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. சோற்றைப் பறிப்பது கெடுதல். நம் பகுதியில் ஒரு பிள்ளையின் தட்டில் முட்டை விழுவதற்கு அம்மாக்கள் எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா?

வியாசர்பாடி பயிற்றுநர்

நான் இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

வடசென்னையில் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை கற்றுத்தருபவன் நான். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பையன் வந்தான். 12 வயது, என் தோளுக்கு மேல் உயரம், கைகள் முழங்கால் வரை. எனக்கு வேறொன்றும் கண்ணில் படவில்லை. கை நீளம் மட்டும்தான் தெரிந்தது. அவன் வயதுப் பிள்ளைகள் அவனுக்கு ஈடில்லை என்று 16 வயதுப் பையன்களோடு மோத விட்டேன். அவன் சீக்கிரம் களைப்பான். முழங்கால் வலிக்கிறது என்பான். இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு சோம்பல் படுகிறாயா என்று எல்லோர் முன்னாலும் திட்டினேன். ஒரு நாள் வளையத்துக்குள் அவன் அழுதான். 16 வயதுக்காரர்கள் சிரித்தார்கள். நானும் அவனைத் தேற்றவில்லை. அந்த உருவத்துக்குள் இருந்தது ஏழாம் வகுப்புப் பிள்ளை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அவன் பிறகு வரவில்லை. அவனுக்கு இந்த நோய்தானா என்று எனக்குத் தெரியாது. வேறொரு மாணவனின் அப்பா மூலம் இந்த நோயைப் பற்றிக் கேள்விப்பட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது புதிதாக வரும் ஒவ்வொரு பிள்ளையின் உயரத்தையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை நோட்டில் எழுதுகிறேன். சித்தியம்மா, யார் சொன்னாலும் சிகிச்சை முடியும்வரை அவனைச் சண்டையில் இறக்காதீர்கள். தலையில் அடி வாங்குகிற விளையாட்டு அது.

கொருக்குப்பேட்டை அம்மா

ஐயா, நீங்கள் எழுதியதற்கு நன்றி. எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. உயரத்தைப் பார்த்துப் பெரியவள் என்று நினைத்து எல்லா வேலையும் அவள் தலையில்தான் விழும். பஸ்ஸில் பாஸைக் காட்டினால், "நீ பள்ளிக்கூடப் பிள்ளையா" என்று கேட்பார்கள். கீழே விழுந்தால் யாரும் தூக்க வரமாட்டார்கள்.

பழைய புத்தகப் பிரியன்

இந்த நோய் உள்ளவர்களை உலகம் எப்படி நடத்தியது என்று படித்திருக்கிறேன், சொல்லத் தோன்றுகிறது. அயர்லாந்தில் பிறந்த சார்லஸ் பைர்ன் லண்டனில் காட்சிப் பொருளாக வாழ்ந்து 1783இல், 22 வயதில் இறந்தார். தன் உடலைக் கடலில் இட வேண்டும் என்று விரும்பினார். ஜான் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர் உடலைக் கைப்பற்றி எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டார். இரு நூற்றாண்டுகளுக்கு மேல் அது லண்டனில் உள்ள ஹண்டேரியன் அருங்காட்சியகத்தில் நின்றது. 2023இல் அருங்காட்சியகம் மீண்டும் திறந்தபோதுதான் பார்வையிலிருந்து எடுத்தார்கள். அவர் பல்லிலிருந்து எடுத்த மரபணுவை ஆராய்ந்து, ஏ.ஐ.பி. என்ற மரபணுவில் மாற்றம் இருந்ததை 2011இல் வெளியிட்டார்கள். குடும்ப வழியில் வரக்கூடிய வகை அது. அமெரிக்காவின் ராபர்ட் வாட்லோ 1918இல் பிறந்தவர், 272 சென்டிமீட்டர். கால் தாங்கியால் ஏற்பட்ட கொப்புளம் சீழ் பிடித்து 1940இல் இறந்தார். அவருக்கும் 22 வயதுதான். அவர் காலத்தில் அவர் வளர்ச்சியை நிறுத்த வழியில்லை. துருக்கியின் சுல்தான் கோசன் 251 சென்டிமீட்டர். 2010இல் அமெரிக்காவில் சிகிச்சை பெற்ற பிறகு அவர் வளர்ச்சி நின்றது. எழுபது ஆண்டுகளில் மருத்துவம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது, சகோதரி. அதை நினைத்துத் தைரியமாக இருங்கள்.

தண்டையார்பேட்டைச் சித்தி

எல்லோருக்கும் பதில் எழுத முடியவில்லை, மன்னிக்கவும். ஐ.ஜி.எஃப்.-1 அவன் வயதுக்கான மேல் அளவைவிட இரண்டு மடங்குக்கு மேல். குளுக்கோஸ் கொடுத்தும் ஹார்மோன் அடங்கவில்லை. நேற்று எம்.ஆர்.ஐ. அறிக்கை வந்தது. கட்டி இருக்கிறது. 14 மில்லிமீட்டர். கண் நரம்பை இன்னும் தொடவில்லை.

அக்கா அழுதாள். அதன்பின் எழுந்து சோறு வடித்தாள். மாமா கடலுக்குப் போகவில்லை. நிலையில் கோடு போட்டதற்காகத் தன்னைத்தானே திட்டிக்கொள்கிறார் அம்மா, அளந்ததால்தான் வளர்ந்தான் என்று. கோடுகள்தான் அவனைக் காப்பாற்றியிருக்கின்றன என்று மருத்துவர் சொன்னதை நான் நான்கு முறை சொல்லிவிட்டேன்.

பணத்துக்கு என்ன செய்வது? காப்பீட்டு அட்டை இல்லை.

ஓய்வுபெற்ற செவிலியர்

கண் நரம்பைத் தொடவில்லை என்பது பெரிய நல்ல செய்தி.

அட்டையை உடனே எடுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பம் சேரலாம். ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு ராஜாஜி சாலையில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள். இந்த அறுவைக்கு அனுமதி உண்டா என்பதை மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு அலுவலரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஹார்மோன் மருத்துவரும் நரம்பியல் அறுவை மருத்துவரும் ஒரே வளாகத்தில் இருப்பார்கள்; இந்த நோய்க்கு இருவரும் சேர்ந்துதான் முடிவெடுக்க வேண்டும். பிட்யூட்டரி அறுவை அடிக்கடி செய்கிறவர் கையில் ஒப்படையுங்கள். எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று கேட்கத் தயங்காதீர்கள். உங்கள் உரிமை அது.

மயக்க மருத்துவரிடம் அவன் தூக்கத்தில் குறட்டை விடுகிறானா என்று சொல்லுங்கள். நாக்கும் தொண்டையும் பெருத்திருந்தால் மூச்சுக்குழாய் வைப்பது கடினம், அவர் ஆயத்தமாக இருக்க வேண்டும். அறுவைக்குப் பிறகு இரண்டைப் பாருங்கள்: தாகம் எடுத்து எடுத்துத் தண்ணீர் குடித்து, வெளுப்பாகச் சிறுநீர் நிறையப் போகிறதா; குனியும்போது மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டுகிறதா. இரண்டில் எது இருந்தாலும் நடு இரவானாலும் செவிலியரைக் கூப்பிடுங்கள். மூக்கைச் சிந்தவே கூடாது.

கொருக்குப்பேட்டை அம்மா

அறுவைக்கு முதல் நாள் நான் வருகிறேன். என் மகளும் வருகிறேன் என்கிறாள். அவனோடு அவள் பேசட்டும்.

தண்டையார்பேட்டைச் சித்தி

ஐந்து வாரம் ஆகிவிட்டது. அறுவை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டான். மூன்று நாள் சிறுநீர் அதிகம் போனது, செவிலியரம்மா சொன்னது நினைவில் இருந்ததால் பதறாமல் சொன்னோம். மருந்து கொடுத்துச் சரிசெய்தார்கள். தலைவலி இல்லை. சட்டை நனைவதில்லை. மோதிர விரலில் மாட்டிக்கொண்டிருந்த தாத்தாவின் மோதிரம் நேற்று கழன்று வந்துவிட்டது. கை வீக்கம் வடிகிறதாம்.

கொருக்குப்பேட்டை அக்காவின் மகள் முதல் நாள் மாலை அவனோடு ஒரு மணி நேரம் பேசினாள். என்ன பேசினார்கள் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. மறுநாள் அறுவை அரங்குக்கு அவன் அழாமல் போனான்.

பன்னிரண்டாவது வாரம் மறுபடி ஐ.ஜி.எஃப்.-1 எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கொஞ்சம் கட்டி மீதி இருக்கலாம், அப்போதுதான் தெரியும் என்கிறார் மருத்துவர். மரபணுச் சோதனையும் எழுதியிருக்கிறார். அவன் அண்ணனையும் அளக்கச் சொன்னார். அம்மா பென்சிலை மறுபடி எடுத்திருக்கிறார். இனிப் பிறந்தநாளுக்கு அல்ல, மாதப் பிறப்புக்கு ஒரு கோடு. முடிவு வந்ததும் எழுதுகிறேன்.